அக்கா ஏன் இளைக்கவில்லை

யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அது வரவும் வராது. போன மாதம் சரியாக இருந்த ஜாக்கெட் இந்த மாதம் பிடிக்கிறது, தையலை நான்தான் இறுக்கிவிட்டேன் என்று சண்டைக்கு வருகிற பெண்களை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! துணி தானாகச் சுருங்கியதாம், நூல் தானாக இறுகியதாம். சொந்த உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பழி போடுவார்கள். நான் வாயைத் திறக்காமல் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்து அனுப்புவேன், அவர்கள் தெரு திரும்பிய பிறகு சிரிப்பேன். அந்தச் சிரிப்பையெல்லாம் மொத்தமாகத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கும் ஒரு காலம் வந்தது.

என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. எங்கள் ஊர் முருகன் மலைமேல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். கால் வீங்குகிறது, சாப்பிட்டால் குமட்டுகிறது என்று வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்தோம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரயிலேறிப் போவான், சாயந்திரம் வெளுத்துப்போய் வருவான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருக்கிறாள். அவன் மனைவி நகரிப் பக்கத்துப் பெண், தெலுங்கு வீடு. புருஷனுடைய அக்கா என்பதால் என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய ரத்தம் அவனுக்குப் பொருந்தவில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. என் புருஷனும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. சோதித்துப் பார்த்ததில் நான் பொருந்தினேன். கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் எல்லா சோதனையும் முடிந்த பிறகு அந்த டாக்டரம்மா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். உங்கள் கிட்னி தங்கமாக இருக்கிறது, உடம்புதான் அதிகம், இந்த எடையோடு உங்களை மேஜையில் படுக்க வைக்க மாட்டேன், பத்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். எவ்வளவு நாளில் குறையும் என்று தம்பி மனைவி கேட்டாள். மாதத்துக்கு இரண்டு கிலோ குறைந்தாலே நல்ல காரியம், நடந்தால் மட்டும் போதாது, வாயையும் கட்ட வேண்டும், அவசரப்பட்டுக் குறைத்தால் அதே அவசரத்தில் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். மூன்று பேர் காதிலும் பத்து என்பது மட்டும்தான் விழுந்தது.

திரும்பி வரும் ரயிலில் மணவூர் தாண்டுவதற்குள் நாங்களே முடிவு பண்ணிவிட்டோம். மாதம் இரண்டு கிலோ என்பதெல்லாம் சென்னையில் கடற்கரையில் கையை வீசி நடக்கிறவர்களுக்கு. நமக்கு வாசலிலேயே மலை இருக்கிறது. தினமும் படியேறி இறங்குகிறவளுக்கு ஒரே மாதத்தில் கரைந்துவிடாதா? தம்பி மனைவி அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் நம்பினேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். களைப்பாக இருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஏற ஆரம்பித்தேன். வெளியூர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை காவடியோடு ஏறி, புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் ஆட்டோவில்தான் மேலே போவோம், அதுவும் தம்பி ஆட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் பாதிப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை என்னைத் தாண்டி ஓடியது. அதன் அம்மா தெலுங்கில் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

முதல் வாரம் முடிந்ததும் மெடிக்கல் ஷாப் எடை மெஷினில் ஏறினேன். இரண்டு கிலோ குறைந்திருந்தது. கடைக்காரர் முன்னாலேயே முருகா என்று கும்பிட்டேன். தம்பி மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவள் விரல்விட்டு எண்ணினாள், இதே வேகத்தில் போனால் ஆடிக் கிருத்திகைக்குள் ஆபரேஷனே முடிந்துவிடும் என்றாள். தெருவில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஒருத்தி ஒரு படி கொள்ளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் என்னைக் கொழுத்தவள் என்று சொல்லிவிட்டுப் போனது எனக்கு வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது வாரம் ஒன்றும் குறையவில்லை, மூன்றாவது வாரமும் இல்லை. நான்காவது வாரம் கால் கிலோ ஏறியிருந்தது. எனக்கு வந்ததே கோபம். முதலில் மெடிக்கல் ஷாப் மெஷின்மேல் சந்தேகப்பட்டேன். பேட்டரி மாற்றினீர்களா என்று கேட்டேன், யாராவது கீழே போட்டார்களா என்று கேட்டேன், தரை சமமாக இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைக்காரர் பாவம், வாயே திறக்கவில்லை. நான் ஜாக்கெட் பிரிக்கும்போது சும்மா இருப்பேனே, அதே மாதிரி சும்மா இருந்தார்.

அப்புறம் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். மூட்டை போடுகிற தராசில் ஏறி நின்றேன். ஒன்றரை கிலோ குறைவாகக் காட்டியது! சந்தோஷமாக வீடு வரை வந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அந்தக் கடைத் தராசு எப்போதுமே குறைத்துத்தான் காட்டும், அதற்காக அந்த ஆளோடு நானே இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

எனக்கு இருந்த சந்தேகம் போதாதென்று என்மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. யாரும் நேராகச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். நம் ஊரில் இது ஒரு கேள்வியா? எதிரே வருகிறவரைப் பார்த்தால் கேட்போம், போனை எடுத்தால் கேட்போம், பதிலுக்குக்கூட நிற்க மாட்டோம். ஆனால் தம்பி மனைவி தினமும் சாயந்திரம் போன் பண்ணி, "சாப்டீங்களா வதினா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதில்தான் விஷயம். ஆச்சு என்றால், உன் தம்பி அங்கே ஊசியோடு கிடக்கிறான், உனக்குச் சோறு இறங்குகிறதா என்று ஆகிவிடும். இன்னும் இல்லை என்றால், சாப்பிடாமல் இருப்பவள் ஏன் இளைக்கவில்லை என்று ஆகிவிடும். நான் ஆங் ஆங் என்று இழுத்துவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலையில் ராகிக் கூழ், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி சுண்டல் என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பொய் இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். படியேறும்போது என் தசை நன்றாகத்தான் ஆடியது, குறையத்தான் இல்லை. அப்புறம் என் உடம்புமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாய் கொடுக்கிறேன் என்கிறது, உடம்பு கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறதோ? எனக்கே தெரியாமல் எனக்குள் ஒருத்தி பயந்துபோய்ப் பதுங்கி இருக்கிறாளோ? கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு, சொல்லடி, உனக்கு மனசில்லையா என்று கேட்டிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்கு என் தொப்பையே பேயாகிவிட்டது.

ஒரு கிருத்திகை அன்று காலையில் மேலே ஏறி, கும்பிட்டுவிட்டு, வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு பூக்காரம்மா கடை போட்டிருக்கிறாள். தம்பி ஆட்டோ ஓட்டின நாளிலிருந்து பழக்கம். தினமும் எனக்கென்று ஒரு தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்திருப்பாள். சுவாமி பிரசாதம் என்று கையில் வைப்பாள். நெய் மினுங்கும், முந்திரி தெரியும். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, அந்தத் தெம்பில் கீழே இறங்குவேன். அன்றைக்கும் தொன்னையின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். எதிரே தம்பி மனைவி நிற்கிறாள். புருஷனுக்காக வேண்டிக்கொள்ள வந்தவள்.

அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கையில் இருந்த தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"பிரசாதம்மா இது. சாப்பாடு இல்ல," என்றேன்.

"பிரசாதம்னா வயித்துக்குள்ள போவாதா வதினா?" என்றாள். அப்புறம் அழாமல், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்: "குடுக்க மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. இப்படித் தின்னு காட்ட வேணாம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய் என்று கத்தினேன். கும்பலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கைகூடக் கழுவாமல் இறங்கினேன். இறங்க இறங்கத்தான் விரல் பிசுபிசுப்பு தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று வரை அந்தப் பொங்கலை நான் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. சோறு சாப்பாடு, இட்லி தோசை டிபன், பிரசாதம் பிரசாதம். நடுவில் ஒரு தடவை சென்னை போனபோது டாக்டர் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், அப்போதுகூட எல்லாவற்றையும் சொன்னேன், இதைச் சொல்லத் தோன்றவில்லை. முருகன் கொடுப்பது எடையில் ஏறும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்?

ராத்திரி வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. எல்லோருக்கும் பிரசாதம் என்றால் உள்ளங்கையில் ஒரு உருண்டைதான் விழும். எனக்கு மட்டும் ஏன் ஒரு தொன்னை? அதுவும் தினமும்? மெடிக்கல் ஷாப் தரையைக் குனிந்து பார்த்தவள் நான். இதை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லையே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் பூக்காரம்மா தொன்னையை நீட்டினாள். வாங்காமல் நின்றேன். யார் வைக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். சுவாமி கொடுக்கிறார் என்று பூவைக் கட்ட ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். கூட்டம் வந்தது, போனது. நான் நகரவில்லை. கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்.

"உங்க தம்பிதாம்மா. அக்கா வெறும் வயித்தோட ஏறி வருது, பிரசாத ஸ்டால்ல பொங்கல் வாங்கி வச்சிக் குடுன்னாரு. முழுசா தின்னீங்களான்னு தெனம் போன் பண்ணிக் கேட்டுகினு இருப்பாரு."

முழுசா தின்றாளா என்று தினமும் போன். பாசத்தில் பொங்கல் வாங்கிக் கொடுப்பவன் ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடுவான். கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு எண்ணம் இருக்கிறது. படியில் இறங்கினேனா உருண்டேனா தெரியாது, நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி பால் வாங்கப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான், ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை தலையணைமேல் கிடந்தது. பொங்கலைப் பற்றிக் கேட்டேன். பசியோடு ஏறுவாயே என்றுதான் என்று சிரிக்கப் பார்த்தான். பொய் சொல்லாதே என்றேன்.

"நீ இளைக்கக் கூடாதுன்னு வேண்டிகினேன்க்கா," என்றான். "மொட்ட போடறேன்னு வேண்டிகினேன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் சொல்லிக்கொண்டே போனான். உனக்கு யாரும் இல்லை. எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்பேன்? வேண்டாம் என்று நான் சொன்னால் அவள் விட மாட்டாள், செத்துவிடுவாள். நீயாகவே இளைக்காமல் போய்விட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஓடுகிற வரைக்கும் இந்த டயாலிசிஸ் மெஷினிலேயே ஓட்டிவிடுகிறேன்.

கையை ஓங்கிவிட்டேன். ஊசி குத்திப் புடைத்த அவன் கையைப் பார்த்துவிட்டு இறக்கினேன். ஊரே என்னைச் சந்தேகப்பட்டது, நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன், பேப்பர் கடைத் தராசைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் உடம்பையே சந்தேகப்பட்டேன். இந்தப் படுபாவியை மட்டும் சந்தேகப்படவில்லையே! நான் தின்ற ஒவ்வொரு கவளமும் அவன் ஆயுசில் குறைந்ததுதானே!

"உம் பொண்ணு மூஞ்சியப் பாத்துகினு இத சொல்லு பாக்கலாம்," என்றேன். "எனக்கு ரெண்டு இருக்குது. ஒண்ண நான் குடுக்கறேன். வேணாம்னு சொல்ல நீ யார்ரா? நீ உன் வேண்டுதல வச்சிக்கோ. நானும் வேண்டிக்கறேன். அவரு யாரு பேச்சக் கேக்கறாருன்னு பாத்துடலாம்."

அப்போது அவன் மனைவி பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தாள். என் கண்ணைப் பார்த்தாள், அவன் கண்ணைப் பார்த்தாள். என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று மலைமேல் பத்துப் பேர் முன்னால் என் மானத்தை வாங்கினவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் என்மேல் இருந்த கறை போய்விடும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருப்பவளிடம், அவன் பிழைக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "நீ சொன்னதுதான் சரி. என் நாக்கு அடங்கல. இனிமே அடக்கிக்கறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை மெடிக்கல் ஷாப் மெஷினைவிடக் கறாராக இருந்தது. பாலைக் காய்ச்சப் போனாள். தம்பி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலையில் படி அடிவாரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கூட வருகிறேன் என்றாள். துணைக்கா காவலுக்கா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் இரண்டு பேரும் ஏறினோம். மேலே போனதும் பூக்காரம்மா பக்கம் முறைப்பாள். உள்ளே கையில் விழுகிற பிரசாதத்தில் ஒரு பருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வழியில் வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்கிற மாதிரி சமையலறைக்குள் போய் டப்பாக்களைத் திறந்து பார்ப்பாள். சத்தம் எனக்குக் கேட்கும். தையல் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

அப்படிக் காவல் காத்தும் உடம்பு தடதடவென்று இறங்கிவிடவில்லை. முதல் வாரம் போன இரண்டு கிலோ வெறும் தண்ணீர் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் முதல் நாள் சொன்ன கணக்குப்படிதான் நடந்தது, மாதத்துக்கு இரண்டு, சில மாதம் ஒன்று. ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. அந்த மாதம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே படியேறினோம். ஆனால் அந்த மாதத்தில்தான் என் ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. அவளைக் கூப்பிட்டு டேப்பை அவள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். இரண்டு தடவை அளந்தாள். டேப் பழசா என்று கேட்டாள்.

பத்து கிலோ கடைசிவரை குறையவே இல்லை, எட்டோடு நின்றுவிட்டது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, நீங்கள் இறங்கின விதம் சரியான விதம், இது போதும் என்று டாக்டரம்மா தேதி கொடுத்தார். டாக்டரம்மா காட்டின இடத்திலெல்லாம் தம்பி கையெழுத்துப் போட்டான். அவனுடைய வேண்டுதல் தோற்றுப்போனது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டோம். அவனுக்கு என் கிட்னி ஒத்துக்கொண்டது. எனக்கு மறுபடியும் மூன்று கிலோ ஏறிவிட்டது, ஏறினால் ஏறட்டும் என்று தினமும் படியேறிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி மனைவி அந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டாள். வதினா பொங்கல் தின்றுகொண்டே இருந்தது, நான் கூடவே ஏறிக் காவல் காக்காமல் போயிருந்தால் இந்த மனுஷன் இன்றைக்கு இல்லை என்பாள். வந்தவர்கள் என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் ஆமாம்மா, நீ இல்லையென்றால் நான் எங்கே இளைத்திருப்பேன் என்பேன். தம்பியால்தான் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது, தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வெளியே போய்விடுவான். போகட்டுமே. எழுந்து போவதற்கு ஆள் இருக்கிறான் அல்லவா?